புரிந்தால் போதாதா? எழுத்துப்பிழை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்து, சிவப்பு மையால் ஓரத்தில் குறி போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். தன் எழுத்துக்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பார், அல்லது “புரிந்தால் போதாதா?” என்று சண்டைக்கு வருவார். எனக்குப் பிடித்தவர் இரண்டாமவர்தான். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவரைப் போன்றவர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொல்லிவரும் பதில்களும் கீழே.

பிழையோடு எழுதினாலும் படிப்பவருக்குப் புரிந்துவிடுகிறதா?

பெரும்பாலும் புரிந்துவிடுகிறது. “நேற்று உங்கல் வீட்டிற்கு வந்தேன்” என்று எழுதினால் யாரும் குழம்பப்போவதில்லை. நம் கண் வரியின் மேல் ஒரே சீராக வழுக்கிச் செல்வதில்லை. ஓரிடத்தில் நிற்கிறது, தாவுகிறது, மறுபடி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் நிற்பது ஏறக்குறைய கால் நொடி. அந்தக் கால் நொடியில் பழகிய சொல்லை எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. அதன் எழுத்துகளைச் சேர்த்தே மனம் வாங்கிக்கொள்கிறது. முன்னே வந்த சொற்களை வைத்து அடுத்ததை ஊகிக்கவும் செய்கிறது. ஊகித்த சொல் கொஞ்சம் சிதைந்து வந்தாலும் ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறது.

ஆனால் அந்தப் ‘புரிந்துவிட்டது’க்குள் ஒரு கணக்கு இருக்கிறது. எழுதியவர் செய்யாமல் விட்ட வேலையைப் படிப்பவர் செய்திருக்கிறார். ஒருவர் எழுதியதை ஆயிரம் பேர் படித்தால் அந்த வேலை ஆயிரம் முறை நடக்கிறது. என் கட்சி இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விவரம்.

முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வு சொல்கிறதாமே?

அப்படி ஓர் ஆய்வு கேம்பிரிட்ஜில் நடக்கவில்லை. 2003-ஆம் ஆண்டு செப்டம்பரில் மின்னஞ்சல் வழியாக உலகம் சுற்றிய ஒரு பத்தி அது. சொற்களின் நடு எழுத்துகளைக் கலைத்துப்போட்டு, “பார்த்தீர்களா, இப்போதும் படிக்க முடிகிறது” என்று சொன்னது. கேம்பிரிட்ஜிலேயே மொழியையும் மூளையையும் ஆராய்ந்துவந்த மேட் டேவிஸ் என்பவர், “நாங்கள் செய்யாத ஆய்வு இது எப்படி எங்கள் பெயரில் வந்தது?” என்று தேடிப் புறப்பட்டார். கொஞ்சமாவது தொடர்புடையதாக அகப்பட்டது, நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் 1976-இல் கிரஹாம் ராலின்சன் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு.

பிறகு இதை முறையாக அளந்தும் பார்த்தார்கள். 2006-இல் உளவியலாளர் கீத் ரேனரும் உடன் ஆய்ந்த மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வாக்கியங்களைச் சரியாகக் கொடுத்தபோது வாசகர்கள் நிமிடத்துக்கு 255 சொற்கள் படித்தார்கள். சொல்லின் நடுவில் எழுத்துகளை இடம் மாற்றியபோது 227. சொல்லின் கடைசியில் மாற்றியபோது 189. சொல்லின் தொடக்கத்தில் மாற்றியபோது 163. ஆக, படிக்க முடியும் என்பது பொய்யல்ல. கூலி இல்லாமல் முடியும் என்பதுதான் பொய்.

அந்த மின்னஞ்சலில் ஒரு சாமர்த்தியமும் இருந்தது. ஆங்கிலத்தில் வாக்கியத்தைத் தாங்கிப் பிடிக்கும் சின்னச் சொற்களில் பல இரண்டு மூன்று எழுத்து மட்டுமே கொண்டவை. முதலும் கடைசியும் அசையக் கூடாது என்றால் அவற்றில் கலைக்க எதுவுமே இல்லை. பாதி வாக்கியம் கலையாமலே நின்றது; அதைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் மீதியைக் கடந்தார்கள்.

தமிழிலும் அப்படிக் கலைத்துப்போட்டுப் படிக்க முடியுமா?

நீங்களே பாருங்கள். மூன்றே சொல்: “குதைந்ழகள் தெவிருல் விறாடுளைர்கியாகள்.”

முதலெழுத்தும் கடைசி எழுத்தும் அப்படியே இருக்கின்றன. நடுவில் மட்டும் கை வைத்திருக்கிறேன். “குழந்தைகள் தெருவில் விளையாடுகிறார்கள்” என்று நான் சொல்லாமல் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்பீர்கள்? முதல் சொல்லை யோசித்துப் பிடித்துவிடலாம். மூன்றாவது சொல் பலரைக் கைவிட்டிருக்கும்.

காரணம் நம் சொற்களின் கட்டுமானம். தமிழில் வினைச்சொல் ஒரு ரயில் வண்டி. முன்னால் வினையடி, நடுவில் காலம், கடைசியில் யார் என்பது. ‘விளையாடினார்கள்’, ‘விளையாடுகிறார்கள்’, ‘விளையாடுவார்கள்’ மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே எழுத்தில் முடிகின்றன. நேற்றா, இன்றா, நாளையா என்பது நடுப்பெட்டியில் இருக்கிறது. இன்னும் கூர்மையான இணை ஒன்று உண்டு: ‘செய்வார்’, ‘செய்யார்’. நடுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதும் ஆம் என்பது இல்லை ஆகிவிட்டது.

எல்லா மொழிக்கும் ஒரே அளவுகோல் செல்லாது என்பதற்கு வெளியிலிருந்தும் சான்று இருக்கிறது. ஹீப்ருவும் ஆங்கிலமும் அறிந்தவர்களை வைத்து ஹதாஸ் வெலான், ராம் ஃப்ராஸ்ட் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளை இடம் மாற்றிய ஆங்கில வாக்கியங்களை அவர்கள் சமாளித்துவிட்டார்கள். ஹீப்ரு வாக்கியங்களில் தடுமாறினார்கள். ஹீப்ருவில் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேர்தான் பொருளைச் சுமக்கிறது. வேரின் வரிசை குலைந்தால் வேறொரு வேர் முளைத்துவிடும்.

எல்லாப் பிழையும் ஒரே அளவு கெடுதலா?

இல்லை. பிழைகளைத் திட்டுவோர் பலர் கோட்டை விடும் இடம் இது.

எழுதப்பட்டது ஒரு சொல்லே இல்லை என்றால் கெடுதல் குறைவு. ‘பல்ளி’ என்று ஒரு சொல் கிடையாது. மனம் அதைக் கண்டதும் பக்கத்தில் இருக்கும் சரியான சொல்லைத் தேடிக்கொள்கிறது.

பிழையான வடிவம் இன்னொரு நல்ல சொல்லாக இருந்து, அந்த இடத்தில் பொருந்தாமல் போனால் சிரிப்பு வரும். “நாளை முதல் பல்லி திறக்கப்படும்.” “முன்னால் அமைச்சர் பேசினார்.” முன்னாள் அமைச்சர்களை முன்னால் நிறுத்தாத செய்தித்தாள் அபூர்வம். வாசகர் ஒரு கணம் நின்று, சிரித்து, திருத்திக்கொண்டு மேலே போகிறார்.

ஆபத்தானது மூன்றாவது வகை. பிழையான சொல்லும் அந்த இடத்தில் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். “அவர் பரம்பரையாக உளவுத் தொழில் செய்பவர்.” எழுதியவர் நினைத்தது உழவு. படித்தவருக்குக் கிடைத்தது ஒற்றர் குடும்பம். இங்கே வாசகர் தடுக்கி விழவில்லை, நிற்கவில்லை, சந்தேகப்படவும் இல்லை. தவறான பொருளோடு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விட்டார். மெய்ப்பில் நான் தேடுவது முக்கியமாக இந்த வகையைத்தான். முதல் வகை இரண்டு தப்பிப்போனால் தூக்கம் கெடாது.

க், ச், த், ப் என்று ஒற்றுப் போடுவது வெறும் அலங்காரம்தானே?

ஒரு காலத்தில் நானும் அப்படி நினைத்தேன். இப்போது பாதிதான் ஒத்துக்கொள்வேன். ‘அதை பார்த்தேன்’ என்று எழுதினாலும் ‘அதைப் பார்த்தேன்’ என்று எழுதினாலும் பொருள் மாறாது, கண்ணுக்குத்தான் உறுத்தும். ஆனால் இதைப் பாருங்கள்:

“தலைவர் வேலை கொடுத்தார்.”
“தலைவர் வேலைக் கொடுத்தார்.”

முதலாவதில் கிடைத்தது பணி. இரண்டாவதில் கிடைத்தது வேல். ‘வேல்’ என்பதோடு ‘ஐ’ சேர்ந்து ‘வேலை’ ஆகிறது. ஐயுருபு வெளிப்படையாக நிற்பதால் அதன்பின் க் மிகுகிறது. ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது. பேசும்போது நிறுத்தியும் அழுத்தியும் காட்டும் வித்தியாசத்தை எழுத்தில் அந்தச் சின்னப் புள்ளி எழுத்துதான் காட்டுகிறது.

இடைவெளியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ‘அவர்கள் குடித்தார்களா?’ என்பது பொதுவான விசாரிப்பு. ‘அவர் கள் குடித்தாரா?’ என்பது வம்பு.

பேச்சில் ல, ள, ழ எல்லாம் ஒன்றாகவே ஒலிக்கிறது. எழுத்தில் மட்டும் எதற்கு இத்தனை பிடிவாதம்?

பேச்சில் ஒன்றாகிவிட்டதால்தான். பேசுகிறவரின் முகம், குரல், சுற்றியுள்ள சூழல் எல்லாம் காதுக்கு உதவிக்கு வருகின்றன; புரியாவிட்டால் “என்ன?” என்று கேட்டுவிடலாம். தாளில் இருப்பவரிடம் கேட்க முடியாது. வலி, வளி, வழி மூன்றும் ஒருவர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கலாம். தாளில் அவை மூன்று உருவங்கள், மூன்று பொருள்கள். அரம்–அறம், கரை–கறை, மனம்–மணம், பனி–பணி எல்லாமே இப்படித்தான். ர, ற இரண்டும் பலர் பேச்சில் ஒன்றாகிப் பல காலம் ஆகிறது. ஆனால் கரை படிந்த சட்டையைக் கண்டால் கண் உடனே முகம் சுளிக்கிறது.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

வாழ்த்துகள். ‘வாழ்த்துக்கள்’ என்றால் வாழ்த்தாகிய கள் என்று பொருள் வரும் என்பார்கள். அப்படி எண்ணி எவரும் கோப்பையைத் தேடியதாகத் தெரியவில்லை. இந்த ஒரு சொல்லுக்காகச் செலவிடப்படும் கோபத்தில் பாதியை ‘முன்னால் அமைச்சர்’ மேல் திருப்பிவிட்டால் பயன் இருக்கும்.

கோயில், கோவில் இரண்டில் எது பிழை?

எதுவும் இல்லை. பவளம்–பவழம், மதில்–மதிள், உளுந்து–உழுந்து, கருப்பு–கறுப்பு எல்லாம் இரு வடிவமும் வழக்கில் உள்ளவை. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் சரி.

முன்னோர் புள்ளியே இல்லாமல் ஓலையில் எழுதினார்களே, அவர்களுக்குப் புரியவில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பேன். நல்ல கேள்வி.

மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனாலும் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு காட்டவில்லை. இன்று நாம் எழுதும் ஏகார ஓகார வடிவங்களுக்கு வழி செய்தவர் என்று 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரைச் சொல்வார்கள். போதாக்குறைக்குத் துணைக்காலும் ரகரமும் ஓலையில் ஒரே மாதிரி இருக்கும்.

ஆக, ஓலையில் ‘கொல’ என்று இருந்தால் அது கொல்லா, கோலா, கொலவா, கோலவா? வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அன்று அது முடிந்ததற்குக் காரணம், ஏட்டைக் கையில் எடுப்பவருக்குப் பெரும்பாலும் அந்தப் பாட்டு மனப்பாடம். ஆசிரியர் வாயால் சொல்லக் கேட்டது மனத்தில் இருக்கும். ஏடு நினைவூட்டும் துணை மட்டுமே.

மனப்பாடம் செய்த தலைமுறை மறைந்த பிறகு என்ன ஆயிற்று? உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு, வெவ்வேறு இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, உரையையும் யாப்பையும் துணைக்கொண்டு சொல் சொல்லாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஓலையில் மிச்சம் பிடித்த புள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ஒருவர் பின்னால் உழைத்துத் தீர்த்தார். நான் முன்பு சொன்ன கணக்குதான் இது. கொஞ்சம் பெரிய அளவில்.

பிழையாக எழுதுபவர் அறிவில் குறைந்தவரா?

இல்லை. எழுத்தின் வடிவத்தை நினைவில் வைப்பது ஒரு தனித் திறமை. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களில் மிகக் கூர்மையான சிந்தனையாளர்கள் உண்டு. எழுத்து வரிசை மட்டும் அவர்கள் கையில் நிற்காது. அவர்களது கட்டுரையில் ற-வையும் ர-வையும் எண்ணி மதிப்பெண் குறைப்பவர் கட்டுரையைப் படிக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் படிப்பவர்கள் எடைபோடத்தான் செய்கிறார்கள். 2016-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி போலண்டும் ராபின் குவீனும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடும் விளம்பரத்துக்கு வந்த பதில்கள் என்று சொல்லிச் சில மின்னஞ்சல்களைக் கொடுத்து, எழுதியவரை மதிப்பிடச் சொன்னார்கள். பிழையுள்ள மின்னஞ்சல்களுக்குக் குறைந்த மதிப்பே கிடைத்தது. சுவாரசியம் அதற்கு அடுத்தது: சுபாவத்தில் இணக்கம் குறைந்தவர்கள் இலக்கணப் பிழைகளை மற்றவர்களைவிடக் கடுமையாக எடைபோட்டார்கள். வீட்டில் இதைப் படித்துக் காட்டினேன். யாருக்கும் வியப்பு ஏற்படவில்லை.

ஒரே எழுத்தால் யாருக்காவது உண்மையில் நஷ்டம் வந்திருக்கிறதா?

2009-இல் பிரிட்டனின் கம்பெனிப் பதிவகம், ‘டெய்லர் அண்ட் சன்’ என்ற நிறுவனம் கலைக்கப்படுவதைப் பதிவு செய்யும்போது, கார்டிஃபில் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ‘டெய்லர் அண்ட் சன்ஸ்’ என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து வித்தியாசம். அந்தப் பொறியியல் நிறுவனம் நூறாண்டுக்கும் மேல் பழமையானது. இருநூற்றைம்பது பேருக்கு வேலை கொடுத்துவந்தது. பதிவைச் சில நாளில் திருத்தினார்கள். அதற்குள் செய்தி பரவிவிட்டது. சரக்குக் கொடுப்பவர்கள் கடனை நிறுத்தினார்கள், நிறுவனம் மூழ்கியது. சுமார் 88 லட்சம் பவுண்டு இழப்பீடு கேட்ட வழக்கில், பதிவகமே பொறுப்பு என்று 2015-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மருந்துப் பெயர்களில் இது தினசரிக் கவலை. செலிபிரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்சா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. ஆங்கிலத்தில் அவசரமாக எழுதினால் மூன்றும் ஒரே கிறுக்கல். குழப்பத்தைக் குறைக்க, ஒத்த பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் முறையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2001 முதல் ஊக்குவித்துவருகிறது. எழுத்தைச் சரியாக எழுதியிருந்தாலும் கண் ஏமாறும் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

சிறு பிள்ளைகள் பிழையோடு எழுதினால் உடனே திருத்த வேண்டுமா?

எழுதத் தொடங்கும் வயதில் வேண்டாம். பள்ளிக்கூடத்தைப் ‘பல்லிகூடம்’ என்று எழுதும் குழந்தை தன் காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறது. இத்தகைய எழுத்துகள் கண்டபடி எழுதியவை அல்ல, ஒலியைக் கவனித்து எழுதியவை என்பதை 1971-லேயே மொழியியலாளர் சார்ல்ஸ் ரீட் எடுத்துக்காட்டினார்.

ஆனால் எப்போதுமே கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது. ஒரு சொல்லின் எழுத்து, ஒலி, பொருள் மூன்றும் மனத்தில் உறுதியாகப் பிணைந்திருந்தால் அந்தச் சொல் படிக்கும்போது சட்டென்று வந்து நிற்கும் என்பது வாசிப்பை ஆராய்ந்த சார்ல்ஸ் பெர்ஃபெட்டியின் கருத்து. ‘மழை’யும் ‘மலை’யும் ஒரே எழுத்தாகப் பதிந்த பிள்ளை, ஒவ்வொரு முறையும் சுற்றுமுற்றும் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும். எழுத்தைச் சரியாகக் கற்பது எழுதுவதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். அதன் பலன் படிக்கும்போதும் கிடைக்கிறது.

கணினி திருத்திவிடாதா?

‘பல்ளி’யைத் திருத்தும். ‘பல்லி’யைக் கண்டால் பெரும்பாலும் சும்மா இருக்கும். ‘உளவு’ அகராதியில் இருக்கிறது. அதன் அடியில் ஏன் சிவப்புக் கோடு போடப்போகிறது?

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ‘ஔவையார்’ என்பதைச் சிலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். மனிதருக்கு எந்தத் தடையும் இல்லை. கணினிக்கு அவை வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாமல் போகலாம். எழுதிய கட்டுரை இருக்கும், தேடியவர் கைக்கு வராது.

நண்பருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலுமா?

வேண்டாம். நண்பர் உங்களுக்காக அந்த வேலையைச் செய்வார். நேரத்தையும் ஊர்ப்பெயரையும் மட்டும் சரிபாருங்கள்.

என் பிழை என் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை?

என்ன எழுத நினைத்தீர்கள் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். கண் தாளைப் பார்க்கிறது, மனம் நினைத்ததைப் படிக்கிறது.

இது எழுதியவருக்கு மட்டும் நேர்வதல்ல. ஒருமுறை பெரியவர் ஒருவரின் நினைவு மலருக்கு மெய்ப்புப் பார்த்தேன். வாழ்க்கைக் குறிப்பின் கடைசி வரியில், அவர் இன்ன தேதியில் இரந்தார் என்று இருந்தது. இறந்தார் அல்ல, இரந்தார். பிச்சை எடுத்தார். அந்த வரியை மூன்று முறை படித்திருக்கிறேன். வாழ்க்கைக் குறிப்பு அப்படித்தான் முடியும் என்று தெரிந்திருந்ததால் மூன்று முறையும் ‘இறந்தார்’ என்றே படித்தேன். அச்சான பிறகு அவர் மகள் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். எதுவும் சொல்லவில்லை.

அதன்பின் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஒருமுறை பொருளுக்காகப் படிப்பேன். இரண்டாம் முறை பக்கத்தின் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் போவேன். கதை அறுந்துபோவதால் மனத்துக்கு ஊகிக்க ஒன்றும் இருக்காது, சொல் சொல்லாகத்தான் பார்த்தாக வேண்டும். வரியின் அடியில் ஒரு அட்டையை வைத்துக்கொள்வேன். திரையில் எழுதியதாக இருந்தால் எழுத்துருவையும் அளவையும் மாற்றிவிட்டுப் பார்ப்பேன். பழகிய பக்கம் அந்நியமாகத் தெரியும். ர, ற, ல, ள, ழ வருகிற சொற்களை வாய்விட்டு, கொஞ்சம் மிகையாகவே அழுத்திச் சொல்வேன். எல்லாம் முடிந்த பிறகு தலைப்பை மட்டும் தனியாக, எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இத்தனை பெரிய எழுத்தில் யார் பிழை விடுவார்கள் என்று எல்லோரும் தாண்டிப் போகிற இடம் அதுதான்.